தலைப்பும் மாறிப்பெயரும்: விரிதாளிலிருந்து புள்ளியியல் மென்பொருளுக்கு

நீடாமங்கலத்து மக்களுக்குத் தலைப்பு என்னும் சொல் இருபொருள் உடையது. கட்டுரைக்கும் கணக்கேட்டிற்கும் மேலே எழுதப்படுவது ஒரு தலைப்பு. பெரிய வெண்ணாறு, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிகின்ற மூணாறு தலைப்பு மற்றொன்று. பின்னதில் எந்த மதகு எந்த ஆற்றுக்குரியது என்பதில் ஐயம் எழுமாயின், நீர் போகவேண்டிய வயலுக்குப் போகாது. முன்னதில் ஐயம் எழுமாயின் என்ன நேரும் என்பதே இக்கட்டுரையில் நாம் காணவிருப்பது.

இன்று நம் மாணவர்கள் ஆய்வேட்டிற்காகத் திரட்டும் செய்திகளைப் பெரும்பாலும் எக்செல் போன்ற விரிதாளில் நிரப்புகின்றனர். நிரை ஒவ்வொன்றும் ஓர் உழவர் அல்லது ஓர் ஊர். நிரல் ஒவ்வொன்றும் ஒரு செய்தி: பரப்பு, விளைச்சல், விலை, ஈரப்பதம் என்றவாறு. பின்னர் அத்தாளை ஆர், எஸ்.பி.எஸ்.எஸ்., ஸ்டாட்டா, சாஸ் முதலிய புள்ளியியல் மென்பொருள்களுள் ஒன்றிற்குக் கொண்டு செல்கின்றனர். விரிதாளில் நிரலின் தலையில் இருந்த சொற்றொடர் அங்கே மாறிப்பெயர் ஆகிறது. விரிதாளுக்குத் தலைப்பு மனிதர் படிப்பதற்கான குறிப்பு. எதை எழுதினாலும் அது பொறுத்துக்கொள்ளும். புள்ளியியல் மென்பொருளுக்கோ மாறிப்பெயர் கட்டளையின் உறுப்பு. ஆதலால் அதற்கு இலக்கணம் உண்டு. இலக்கணத்திற்கு உட்படாத தலைப்பைச் சில மென்பொருள்கள் மறுக்கும். சில தாமே திருத்திக்கொள்ளும். மறுப்பதைவிடச் சொல்லாமல் திருத்துவதே பெரிய இடர் என்பது நம் கருத்து. மறுத்தால் நாம் விழித்துக்கொள்வோம்.

மொழிமுதலும் மாறிமுதலும்

தமிழ் பயின்றோர்க்கு இவ்விலக்கணம் புதிதன்று. மொழிக்கு முதலாகும் எழுத்துகளை 22 எனவும், இறுதியாகும் எழுத்துகளை 24 எனவும் நன்னூலார் வரையறுத்தார். அதுபோன்றே மென்பொருளுக்கும் முதலில் வரத்தக்கன, இடையில் வரத்தக்கன, இறுதியில் வரலாகாதன என்னும் பாகுபாடு உண்டு. எண் எதிலும் முதலாகாது. ஆர் மொழியில் எழுத்தோ புள்ளியோ முதலாகலாம். ஆயின் அப்புள்ளியை அடுத்து எண் வரலாகாது. ஸ்டாட்டாவில் எழுத்தும் அடிக்கோடும் முதலாகும். எஸ்.பி.எஸ்.எஸ். புள்ளியில் முடியும் பெயரை ஏற்பதில்லை; அங்கே புள்ளி கட்டளையின் முடிவைக் குறிப்பதால் பெயர் முடிந்ததா கட்டளை முடிந்ததா என்னும் மயக்கம் நேரும். இடைவெளி, அடைப்புக்குறி, சாய்கோடு, விழுக்காட்டுக் குறி ஆகியவற்றுக்கு வழக்கமான மாறிப்பெயருள் இடமில்லை.

சிறுகோட்டுக்கும் இடமில்லை, அது கழித்தற் குறி. இந்த ஒரு சிறுகோடு எத்துணை இடர் விளைக்கும் என்பதற்கு நம் வட்டார உழவர் நன்கறிந்த ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2016ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், கடந்த ஏழாண்டு விளைச்சல்களுள் மிகுதியான ஐந்தின் சராசரியை எடுத்து, அதனைக் காப்பீட்டுக்குரிய விகிதத்தால் பெருக்கி வரம்பு விளைச்சல் கணிக்கப்படுகிறது. அவ்வாண்டின் அறுவடைப் பரிசோதனையில் கிடைக்கும் விளைச்சல் அவ்வரம்பிற்குக் கீழே சென்றால்தான் இழப்பீடு. இக்கணக்கைப் பயிற்சிக்காகச் செய்யப்புகும் மாணவர் ஒருவர் ஏழு நிரல்களுக்கும் 2016-17, 2017-18 எனத் தொடங்கி 2022-23 வரை தலைப்பிடுகிறார் என்க. ஆர் மொழியின் பழைய முறையிலான வாசிப்புக் கட்டளை முன்னே எக்ஸ் என்னும் எழுத்தைச் சேர்த்து, சிறுகோட்டைப் புள்ளியாக்கி, "எக்ஸ்2016.17" என மாற்றிவிடும். அழகில்லை, ஆயினும் கேடில்லை. புதிய முறையிலான கட்டளைகள் தலைப்பை உள்ளவாறே காப்பன. அங்கே அப்பெயரை அதற்குரிய சாய்ந்த மேற்கோள் குறிக்குள் இட்டு எழுதவேண்டும். குறியை மறந்து 2016-17 என்று மட்டும் எழுதினால் பொறி அதனைப் பெயராகக் கொள்ளாது. 2016இலிருந்து 17ஐக் கழித்து 1999 என விடை தரும். 2017-18 என்றாலும் 1999. 2022-23 என்றாலும் 1999. எந்த ஐந்தைத் தேர்ந்தாலும் சராசரி 1999. ஏக்கருக்கு 1999 கிலோ நெல் என்பது பார்த்தவுடன் ஐயுறத்தக்க எண்ணும் அன்று. பிழைச்செய்தி ஏதும் வாராது. எல்லா ஊருக்கும் ஒரே வரம்பு வந்ததைக் கண்டு யாரேனும் வியந்தால்தான் உண்டு.

"விளைச்சல்_2016_17" என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தால் இவ்வளவும் இல்லை. எழுத்தில் தொடங்கி, இடைவெளிக்கும் சிறுகோட்டிற்கும் மாற்றாக அடிக்கோடிடும் பெயரை நாம் மேற்கூறிய நான்கு மென்பொருளும் ஏற்கும் என்பதால் இப்பழக்கத்தைக் கைக்கொள்வது நலம்.

நெல் இரகங்களின் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. 1922இல் தோன்றிய ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் வழங்கிய இரகங்களுக்கு ஏடிடி என்னும் முன்னொட்டும் எண்ணும் உண்டு என்பதை யாவரும் அறிவர். ஒரே தாளில் ஒருவர் "ஏடிடி 43" என இடைவெளியிட்டும், மற்றொருவர் "ஏடிடி-43" எனச் சிறுகோடிட்டும் இரு நிரல் திறந்துவிட்டனர் எனக் கொள்வோம். ஆர் இரண்டையும் "ஏடிடி.43" ஆக்கும். பெயர் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் பின்னதற்கு "ஏடிடி.43.1" என்று வேறு பெயர் சூட்டும். பார்ப்பவர் அதனைப் புதியதோர் இரகம் என எண்ணவும் கூடும். "ஏடிடி (ஆர்) 45" என்பதோ அடைப்புக்குறியும் இடைவெளியும் புள்ளிகளாகி, எத்தனை புள்ளி என்று எண்ணிப் பார்த்தே எழுதவேண்டிய பெயராகிவிடும்.

தனக்கென ஒதுக்கிய சொற்கள்

ஒவ்வொரு மென்பொருளும் சில சொற்களைத் தனக்கென ஒதுக்கிக்கொண்டுள்ளது. ஆங்கிலத்தின் இஃப், எல்ஸ், ஃபார் முதலியவை ஆர் மொழியில் கட்டளைச் சொற்கள். ஆல், அண்ட், பை, நாட், ஆர், டு, வித் முதலியவை எஸ்.பி.எஸ்.எஸ்-இல் விலக்கப்பட்டவை. மழையளவை அங்குலத்தில் குறித்து, நிரலின் தலையில் "இன்" என்னும் ஆங்கிலச் சுருக்கத்தை இட்டால், அது ஆரிலும் ஸ்டாட்டாவிலும் ஒதுக்கப்பட்ட சொல்லாக அமைந்துவிடுகிறது.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. நாகப்பட்டினத்தை ஆங்கிலத்தில் என், ஏ என்னும் ஈரெழுத்தால் சுருக்கி எழுதுவோர் உளர். அவ்வீரெழுத்தும் ஆர் மொழியில் "விவரம் இல்லை" என்பதற்கான குறி. நிரலின் தலைப்பாக வந்தால் அதன் பின்னே ஒரு புள்ளி சேர்த்து விட்டுவிடும். நிரலின் உள்ளே மாவட்டக் குறியீடாக வந்தாலோ அம்மாவட்டத்து நிரைகள் யாவும் விவரம் அற்றவையாகக் கருதப்படும். உலக நாடுகளின் குறியீட்டுப் பட்டியலில் நமீபியாவுக்கும் இவ்வீரெழுத்தே என்பதால், அந்நாட்டை இழந்த கணக்குகளும் பல.

எட்டெழுத்துக் காலம்

இன்று ஆசிரியராக இருப்போருள் பலர் எட்டெழுத்துக் காலத்தைக் கண்டவர்கள். எஸ்.பி.எஸ்.எஸ்-இன் 12ஆம் பதிப்பு 2003இல் வரும்வரை மாறிப்பெயர் எட்டு எழுத்தைக் கடக்கலாகாது. ஸ்டாட்டாவும் சாஸும் தம் ஏழாம் பதிப்புகளுக்கு முன் இவ்வாறே இருந்தன. பின்னர் 32 ஆயின. குறுவை விளைச்சல், குறுவை விலை என்னும் இரு தலைப்புகளையும் ரோமன் எழுத்தில் இடைவெளியின்றி எழுதி எட்டில் வெட்டினால் இரண்டும் "குருவைவ்" என்ற அளவில் ஒன்றாகவே நின்றுவிடும். விளைச்சல் எது, விலை எது? அக்கால ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் வி1, வி2 என்று பெயரிட்டு, எதிரே பொருள் எழுதிய நீண்ட பட்டியல் காணப்படுவதன் காரணம் இதுவே. இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்னும் நம் பாகுபாட்டின்படி, வி1 இடுகுறி, விளைச்சல்_2016_17 காரணப்பெயர். இடமின்மையால் இடுகுறியை நாடியோரைக் குறைகூற இயலாது. 32க்கும் 64க்கும் இடம் கிடைத்த பின்னரும் வி1, வி2 என்றே எழுதுவதுதான் பொறுத்தற்கரியது.

எஸ்.பி.எஸ்.எஸ். இன்று தரும் எல்லை 64 பைட்டு. 64 எழுத்து அன்று. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. யூனிகோடு முறையில் தமிழின் ஒவ்வொரு குறியுருவுக்கும் மூன்று பைட்டு வேண்டும். அங்கே உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியுருக்கள். "குறுவைப்பருவவிளைச்சல்" என்பதை எண்ணிப் பார்ப்போம். நம் இலக்கணப்படி 12 எழுத்து. பொறியின் கணக்கில் 21 குறியுரு, 63 பைட்டு. எஞ்சியிருப்பது ஒரே பைட்டு; மேலும் ஒரு தமிழெழுத்தைச் சேர்க்க இடமில்லை. எழுத்து இது என்பதில் நமக்கும் பொறிக்கும் உள்ள இவ்வேறுபாடு தமிழில் தலைப்பிடுவோர் அனைவரும் அறிந்திருக்கவேண்டியது.

எண்ணாக மாறும் பெயர்

மென்பொருளைச் சேர்வதற்கு முன்னரே, விரிதாளிலேயே பெயர் சிதைவதும் உண்டு. மேட்டூர் அணை மரபாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. 2020இல் அந்நாளிலேயே திறந்தது. 2024இல் ஜூலை 28ஆம் நாள்தான் திறக்க முடிந்தது. நாள்தோறும் மூணாறு தலைப்பில் பிரித்துவிடப்படும் நீரின் அளவைக் குறிக்கும் தாளொன்றில், நாள்களை நிரல்களின் தலையில் வரிசையாக எழுதுவது கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். ஆயின் எக்செல் நாளை நாளாக வைத்திருப்பதில்லை. 1900ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணி வரும் வரிசை எண்ணாக வைத்திருக்கிறது. ஆர் மொழிக்கு அத்தாளை நேரே கொண்டு சென்றால் 12.6.2020 என்பது 43994 என்னும் பெயரோடு வந்து நிற்கும். கணிப்பொறி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருப்பின் 12/6 என்று தட்டியது டிசம்பர் 6 ஆகிவிடும். குறுவைக்கு வந்த நீர் தாளடிக்கு வந்ததாகக் கணக்கு சொல்லும். நாள்களுக்கு "நாள்" என்று ஒரே நிரல் வைத்துக் கீழே நிரைகளாக எழுதுவதே முறை. தலைப்பு என்பது செய்தியின் பெயரே அன்றிச் செய்தி அன்று.

அடங்கலைப் பார்த்துப் புல எண்களைத் தட்டுவோர்க்கும் இவ்விடர் உண்டு. 12/3 என்னும் உட்பிரிவு எண்ணை எக்செல் ஒரு தேதி எனக் கொண்டு மாற்றிவிடும். 112/3 என்பது தேதியாக முடியாததால் தப்பும். ஆகவே ஒரே நிரலில் பாதி புல எண்ணும் பாதி தேதியுமாக இருக்கும். தட்டுவதற்கு முன்பே அந்நிரலை உரைவடிவம் என அமைத்துவிடுவதே தீர்வு. மாறிய பின்னர் வடிவத்தை மாற்றினால் பழைய எண் திரும்புவதில்லை. இது நம்மூர்க் கணக்குக்கு மட்டும் உரிய துன்பம் அன்று. மார்ச்1, செப்ட்2 என்னும் பெயருடைய மனித மரபணுக்களை எக்செல் தேதிகளாக்கி வந்தது. எக்செல் தாள்களில் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியிட்ட ஆய்வுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இப்பிழையுடையது என 2016இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ஈற்றில் மென்பொருள் இறங்கிவரும்வரை காத்திராது, மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழு 2020இல் அம்மரபணுக்களின் பெயர்களையே மாற்றி அறிவித்தது. தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை எக்செல் 2023இல்தான் தந்தது. பெயர் வைத்த அறிஞர் பணிந்து, விரிதாள் வென்ற கதை இது.

இரண்டடுக்குத் தலைப்பையும் இங்கே கூறவேண்டும். குறுவை, சம்பா, தாளடி என்று மேலடுக்கில் அகன்ற கட்டங்களை இணைத்து எழுதி, ஒவ்வொன்றின் கீழும் பரப்பு, விளைச்சல் என்று எழுதுவது அலுவலக அறிக்கைகளின் மரபு. இணைத்த கட்டத்தில் எழுதியது உண்மையில் அதன் முதற் கட்டத்தில் மட்டுமே தங்கும், மற்றது வெறுமை. மென்பொருள் முதல் நிரையைப் பெயராகக் கொள்ளும்போது ஒரு நிரல் குறுவை என்னும் பெயர் பெறும், அடுத்தது பெயரிலி. பெயரிலிக்கு மென்பொருள் தன் விருப்பப்படி மூன்று புள்ளியும் எண்ணுமாகவோ, வேறு விதமாகவோ பெயர் சூட்டும். இரண்டாம் நிரையிலுள்ள "பரப்பு", "விளைச்சல்" என்னும் சொற்கள் தரவுக்குள் புகும். எண் நிரலில் ஒரு சொல் புகுந்தால் நிரல் முழுவதும் உரையாகக் கருதப்பட்டு, சராசரி கேட்டால் மறுக்கும். குறுவை_பரப்பு, குறுவை_விளைச்சல் என ஒரே நிரையில் எழுதுக.

தமிழில் பெயரிடலாமா?

தமிழ்த்துறை மலரில் இவ்வினாவைக் கடந்துசெல்வது பொருந்தாது. விடை மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடுகிறது. பைதான் மொழியின் மூன்றாம் பதிப்பு, விளைச்சல் என்பதை அவ்வாறே மாறிப்பெயராக ஏற்கும். ஆர் மொழியில் எது எழுத்து என்பது கணிப்பொறியின் மொழியமைப்பைப் பொறுத்தது. சாஸ் தன் இயல்பான அமைப்பில் ரோமன் எழுத்தையே ஏற்கும்.

ஏற்குமிடத்திலும் நம் எழுத்துக்கே உரிய ஒரு மயக்கம் உண்டு. "கொள்முதல்" என்பதன் முதலெழுத்தை யூனிகோடில் இரு வகையாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியுருவாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு குறியுருக்களாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே, அச்சிலும் ஒன்றே. பொறிக்கு வேறு. பழைய எழுத்துருக் கோப்பிலிருந்து மாற்றிய தாளும் புதிதாகத் தட்டிய தாளும் ஒன்றுசேரும்போது, கண்முன்னே இருக்கும் நிரலை "அப்படியொரு பெயர் இல்லை" என்று மென்பொருள் மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒளகாரத்தின் பின்னுறுப்பாக ளகரத்தையே தட்டிவிடுவதும், காலுக்கு மாற்றாக ரகரத்தைத் தட்டிவிடுவதும் இவ்வகையினவே. ஒருசீராக்கும் கட்டளைகள் முதற் சிக்கலைத் தீர்க்கும்; பின்னிரண்டும் எழுத்துப் பிழையாதலால் கையால்தான் திருத்தவேண்டும்.

இடைக்காலக் கோப்பாகச் சி.எஸ்.வி. வடிவில் சேமிப்போர், யூ.டி.எஃப்-8 என்று குறித்த வகையையே தேர்ந்தெடுக்கவேண்டும். வெறும் சி.எஸ்.வி. என்று தேர்ந்தால் தமிழ்த் தலைப்புகள் யாவும் வினாக்குறிகளாகிவிடும்.

ஆகவே நாம் பரிந்துரைப்பது இது. மாறிப்பெயர் சுருக்கமாக, ரோமன் எழுத்தில், எல்லாம் சிற்றெழுத்தாக இருக்கட்டும். ஆரும் ஸ்டாட்டாவும் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் வேறுபடுத்துவன, எஸ்.பி.எஸ்.எஸும் சாஸும் வேறுபடுத்தாதன. மாறிக்கு இடும் விளக்கத் தலைப்பை முழுமையாகத் தமிழில் எழுதுக. ஸ்டாட்டாவில் அதற்கு 80 குறியுரு வரை இடமுண்டு, எஸ்.பி.எஸ்.எஸ். இன்னும் மிகுதியாகத் தருகிறது. அட்டவணையிலும் வரைபடத்திலும் அச்சாவது அவ்விளக்கமே. இதனால் தமிழ் தாழ்ந்துவிடுமோ எனச் சிலர் வருந்துவர். வெட்டுண்ட தமிழ்ச்சொல்லைப் பெயராக வைப்பதினும் வெட்டப்படாத தமிழ்த்தொடரை விளக்கமாக வைப்பதே மொழிக்குச் செய்யும் மரியாதை என நாம் கருதுகிறோம்.

அவ்விளக்கத்தில் அளவை தவறாது இடம்பெறவேண்டும். நம் பெரியோர்கள் மாவுக்கு இத்தனை மூட்டை என்பர். வேளாண் துறையின் அறிக்கை எக்டேருக்கு இத்தனை கிலோ என்னும். 20 மா ஒரு வேலி. ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கர். நேரடிக் கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. களத்து மூட்டை அதனோடு ஒத்திருக்கவேண்டும் என்பதில்லை. விளைச்சல் என்று மட்டும் எழுதிய நிரலில் இவை கலந்துவிட்டால் பிரித்தெடுக்க ஒருவராலும் இயலாது. ஆண்டைக் குறிக்கும்போதும், பசலி 1433 என்பது 2023 ஜூலை முதல் 2024 ஜூன் முடிய என்று எழுதிவைத்தல் நலம். தஞ்சாவூர் என்னும் மாவட்டப் பெயருக்கும் இது வேண்டும். 1991இல் நாகப்பட்டினமும், 1997இல் திருவாரூரும் தனி மாவட்டங்கள் ஆயின. 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. 1985இன் தஞ்சாவூரில் நீடாமங்கலம் உண்டு. 2005இன் தஞ்சாவூரில் இல்லை. நெல் விளைச்சல் பாதியாகக் குறைந்ததெனப் பெயரை மட்டும் பார்ப்பவர் எழுதிவிடுவார்.

இவ்விளக்கங்களைத் தொகுத்த குறிப்பேட்டை அதே விரிதாளின் இரண்டாம் தாளில் வைப்போர் பலர். சி.எஸ்.வி. ஆகச் சேமிக்கும்போது திறந்திருக்கும் ஒரு தாள் மட்டுமே செல்லும், குறிப்பேடு பின்தங்கிவிடும். அதனைத் தனிக்கோப்பாக, தரவுக் கோப்பின் பெயரையே முன்னொட்டாகக் கொண்டு, அதன் அருகிலேயே வைத்துக்கொள்க.